தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா? (வெள்ளணு அடையாளத்தை ஆய்வகத்தில் படிப்பது எப்படி?)



இந்த மாத அறிவியல் பக்கம் எனக்குக் கிடைத்திருக்கிறது. முதலில் சூரிய கிரகணம் பற்றித்தான் எழுதலாம்னு நினைச்சேன். அப்புறம் அறிவியல் டீச்சர், "உங்க வீட்டில் நடந்ததையே எழுதேன், எல்லாருக்கும் பயன்படும்" என்றார்கள். தங்கச்சிகிட்டயும் தம்பிகிட்டயும் கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

நாலாம் வகுப்பு படிக்கும் என் தம்பிக்கு தலசீமியா என்ற நோய் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவன் உடம்பில் ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாது. அதனால் மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். இது பிறப்பிலேயே வருவது, ஒட்டுவார் ஒட்டி நோய் அல்ல. அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் வராது.

இதை முழுசாகக் குணமாக்க ஒரு வழி, பொருத்தமான இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்த மூல அணுக்களை எடுத்து இவனுக்குக் கொடுப்பது. அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் அப்பா, அம்மா, நான், ஆறாவது படிக்கும் தங்கச்சி, தம்பி ஐந்து பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர சில வாரம் ஆச்சு. நான் பாதிப் பொருத்தம். தங்கச்சி ஒரு பொருத்தமும் இல்லை, சுழியம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஒருத்தங்க, "கூடப் பிறந்தவளுக்கு ஒண்ணுகூடவா சேராது? இவ தவிட்டுக்கு வாங்கின பிள்ளையோ?" என்று சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அது விளையாட்டு. தங்கச்சி ராத்திரி சாப்பிடவே இல்லை. "நிஜமாவே நான் உங்க பிள்ளை இல்லையாம்மா?" என்று கேட்டாள். அம்மாவுக்கும் அழுகை வந்துவிட்டது, ஆனால் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. அதைத் தெரிஞ்சுக்கணும்னுதான் டீச்சரிடம் போனேன்.

அந்த ரத்தத்தில் எதைப் பார்த்தார்கள்?

நான் முதலில் ஏ, பி, ஓ என்கிற ரத்த வகையைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது இல்லை. பார்த்தது எச்.எல்.ஏ. அதாவது மனித வெள்ளணு அடையாளப் பொருள்.

நம் உடலில் உட்கரு உள்ள செல்கள் எல்லாவற்றின் மேலும் இந்தப் புரதங்கள் இருக்கின்றன. இவற்றின் உச்சியில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. செல்லுக்குள் என்ன நடக்குதுன்னு காட்ட, உள்ளே இருக்கும் புரதத்தில் ஒரு துண்டை அந்தப் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டும். வாசலில் தட்டில் வைத்துக் காட்டுவது மாதிரி. காவல் அணுக்களான டி செல்கள் வந்து பார்க்கும். நம்முடைய துண்டு என்றால் பேசாமல் போய்விடும். வைரஸின் துண்டு என்றால் அந்தச் செல்லை அழித்துவிடும்.

தட்டே வேற மாதிரி இருந்தாலும் டி செல் சண்டைக்கு வரும். அதனால் பொருந்தாத மஜ்ஜையை வைத்தால், உடம்பு அதைத் தள்ளிவிடலாம். அல்லது வந்த அணுக்களே தம்பியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கலாம். இதுக்குத்தான் இவ்வளவு சோதனை.

இந்தத் தட்டுகளைச் செய்யும் மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி வரிசையாக இருக்கின்றன. மனிதருக்கு மனிதர் மிக அதிகமாக மாறுபடும் மரபணுக்களில் இவை முதலிடம். இதுவரை 40,000-க்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரையே ஒரே கிருமி அழித்துவிடாமல் இருக்க இந்த வேறுபாடு உதவுகிறது.

நான்கு கவர் கணக்கு

இந்த மரபணுக்கள் நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் பிரியாமல் ஒரே கட்டாகத்தான் பிள்ளைக்கு வரும். ஒரு கட்டை ஒரு கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு கவர். ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது.

எங்க அம்மாவிடம் இருப்பவை சிவப்பு, மஞ்சள்.
எங்க அப்பாவிடம் இருப்பவை நீலம், பச்சை.

தம்பிக்குக் கிடைத்தது சிவப்பு + நீலம்.
எனக்குக் கிடைத்தது சிவப்பு + பச்சை.
தங்கச்சிக்குக் கிடைத்தது மஞ்சள் + பச்சை.

பார்த்தீங்களா? எனக்கும் தம்பிக்கும் சிவப்பு மட்டும் ஒன்று, அதனால் பாதி. தங்கச்சிக்கும் தம்பிக்கும் எதுவும் ஒன்றில்லை, அதனால் சுழியம். ஆனால் அவளுடைய மஞ்சள் அம்மாவிடம் இருக்கிறது, பச்சை அப்பாவிடம் இருக்கிறது. பொருந்தவில்லை என்று சொன்ன அதே ரிப்போர்ட்தான், அவள் எங்க அப்பா அம்மாவின் பிள்ளை என்பதற்கும் சாட்சி சொல்லுகிறது!

கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு படித்தோமே, அதுதான் இது. பிள்ளைக்கு வரக்கூடிய சோடிகள் மொத்தம் 4. கூடப் பிறந்தவருக்கு முழுப் பொருத்தம் வர 1/4, பாதிப் பொருத்தம் வர 2/4, ஒன்றுமே பொருந்தாமல் இருக்க 1/4. எங்களை மாதிரி இரண்டு பேரைச் சோதித்தால், இருவருமே முழுசாகப் பொருந்தாமல் போக 3/4 × 3/4 = 9/16. அதாவது பாதிக்கும் மேல். இதில் யார் தப்பும் இல்லை. நாணயம் சுண்டினதுபோலத்தான்.

சரி, கவருக்குள் என்ன எழுதியிருக்குன்னு ஆய்வகத்தில் எப்படிப் படிக்கிறார்கள்? ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு முறை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் முறை: சீரமும் சாயமும்

1958-ல் பிரான்ஸ் நாட்டு ஜீன் டாஸே என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளியின் சீரம், வேறு சிலரின் வெள்ளணுக்களை ஒட்டித் திரள வைத்தது. எல்லாருடையதையும் அல்ல, சிலருடையதை மட்டும். அப்படியென்றால் வெள்ளணுவிலும் வகை உண்டு! அதே காலத்தில் நெதர்லாந்தில் ஜான் வான் ரூட், அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் என்ற பெண் விஞ்ஞானி ஆகியோர், பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்திலும் இத்தகைய எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டார்கள். குழந்தையிடம் இருக்கும் அப்பாவின் வகைக்கு எதிராகத் தாயின் உடல் உண்டாக்கியவை அவை.

1964-ல் பால் டெராசாகி இதை எளிய சோதனையாக மாற்றினார். சிறு சிறு குழிகள் உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு குழியிலும் வகை தெரிந்த சீரம் 1 மைக்ரோ லிட்டர். அதாவது 1 மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! அதில் சோதிக்க வேண்டியவரின் உயிருள்ள வெள்ளணுவைச் சேர்ப்பார்கள். பிறகு முயல் சீரத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதங்களைச் சேர்ப்பார்கள். எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தால் அந்தச் செல் ஓட்டையாகிச் செத்துவிடும். கடைசியில் சாயம் விட்டால் செத்த செல் மட்டும் சாயத்தைக் குடிக்கும், உயிருள்ள செல் குடிக்காது. எந்தக் குழியில் சாயம் ஏறியது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வகையைச் சொல்லிவிடலாம்.

இந்த டெராசாகி சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போரில், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவர் குடும்பத்தையே அரிசோனாவில் ஒரு முகாமில் அடைத்து வைத்தது. அங்கிருந்து வந்தவர்தான் பின்னாளில் எத்தனையோ பேர் உயிர் பிழைக்க உதவினார்.

இந்த முறையின் குறை என்ன? செல் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல சீரம் கிடைக்க வேண்டும். முக்கியமாக, பக்கத்துப் பக்கத்து வகைகளைப் பிரிக்கத் தெரியாது. பி44 என்று சீரம் சொல்லும். ஆனால் அதற்குள் 44:02, 44:03 என்று தனித்தனி வகைகள் உண்டு. அவை இரண்டுக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறு. 156-ஆவது இடம். அந்த ஒரே வேறுபாட்டால், வைத்த மஜ்ஜையை ஒரு நோயாளியின் உடல் தள்ளிவிட்டது என்று 1990-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அதனால் புரதத்தை விட்டுவிட்டு டி.என்.ஏ. எழுத்தையே படிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை: பி.சி.ஆர்.

எங்களுக்கு ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்குமாம். சிவப்பணுவில் உட்கரு இல்லை என்று படித்திருக்கிறோம். அதனால் டி.என்.ஏ. வெள்ளணுவிலிருந்துதான் வரும். போன வருஷம் வாழைப்பழம், உப்பு, ஷாம்பு, ஸ்பிரிட் வைத்து வெள்ளை நூல் மாதிரி எடுத்தோமே, அதே தத்துவம்தான்.

அந்த நூல் மிக நீளம். நமக்கு வேண்டிய இடத்தை மட்டும் பிரதி எடுப்பதுதான் பி.சி.ஆர். 1983-ல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்தது. 95 டிகிரியில் டி.என்.ஏ. இழை இரண்டாகப் பிரியும். சூட்டைக் குறைத்தால் பிரைமர் என்ற சிறு துண்டு தனக்குரிய இடத்தில் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி மீதியை எழுதி முடிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்று முடிந்தால் 2-இன் அடுக்கு 30, அதாவது ஒரு பிரதியிலிருந்து 107 கோடிக்கும் மேல்! (இது கணக்குப்படி. நிஜத்தில் கொஞ்சம் குறையும்.)

இதில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பிரைமரின் கடைசி எழுத்து பொருந்தவில்லை என்றால் நொதி எழுத ஆரம்பிக்காது. சாவியின் கடைசிப் பல் சேராவிட்டால் பூட்டு திறக்காத மாதிரி. ஆகவே ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிரைமர் தயார் செய்து, நிறைய குழாய்களில் ஓட்டுவார்கள். எந்தக் குழாயில் பிரதி உண்டாச்சோ அந்த வகை இருக்கிறது என்று அர்த்தம். ஜெல்லில் கோடு தெரியும். எல்லாக் குழாயிலும் கட்டாயம் வரவேண்டிய ஒரு கோடும் வைத்திருப்பார்கள். அதுவும் வரலைன்னா, "வகை இல்லை" என்று சொல்லக்கூடாது, "சோதனையே நடக்கவில்லை" என்றுதான் சொல்லணும். டி.என்.ஏ. போடாத குழாய் ஒன்றும் இருக்கும். அதில் கோடு வந்தால் எங்கோ அசுத்தம் கலந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாம் முறை: எழுத்துக் கூட்டிப் படித்தல்

பிரைமர் முறையில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த வகையைத்தான் தேட முடியும். புது வகை இருந்தால்? எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டியதுதான். இதைத்தான் சீக்வென்சிங் என்கிறார்கள். இங்கிலாந்தின் பிரெடரிக் சாங்கர் 1977-ல் ஒரு வழி சொன்னார். டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது, இடையில் நிறுத்திவிடும் எழுத்துகளைக் கொஞ்சம் கலப்பது. ஒவ்வொரு இடத்திலும் சில பிரதிகள் நின்றுவிடும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துக்கும் நான்கு வண்ணம். துண்டுகளை நீளப்படி வரிசையாக ஓடவிட்டு, வண்ணத்தைப் பார்த்துக்கொண்டே போனால் எழுத்து வரிசை கிடைத்துவிடும்.

(1980-ல் டாஸேவுக்கு மருத்துவ நோபல். அதே வருஷம் சாங்கருக்கு வேதியியல் நோபல்.)

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நம்மிடம் அம்மா பிரதி, அப்பா பிரதி என்று இரண்டு இருக்கே, இரண்டும் ஒரே நேரத்தில் படிக்கப்படும். தமிழில் ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு சொல்லைச் சேர்ந்து சத்தமாகப் படிக்கிறார்கள். உங்கள் காதில் விழுந்தது:

முதல் எழுத்து: க அல்லது ப
இரண்டாம் எழுத்து: ட
மூன்றாம் எழுத்து: ல் அல்லது ம்

அந்த இரண்டு சொற்கள் எவை? கடல், படம் என்று இருக்கலாம். கடம், படல் என்றும் இருக்கலாம். நாலுமே சரியான தமிழ்ச் சொல்தான்! கேட்டது சரி, ஆனால் எது எதோடு சேரும் என்று தெரியவில்லை. எச்.எல்.ஏ.வில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். அப்போது இன்னொரு சோதனை செய்துதான் தீர்ப்பார்கள்.

நான்காம் முறை: ஒவ்வொரு துண்டையும் தனியாக

இப்போது பெரிய ஆய்வகங்களில் நடப்பது புதுத் தலைமுறை சீக்வென்சிங். டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொருவரின் துண்டுக்கும் அடையாளச் சீட்டு மாதிரி ஒரு எழுத்து வரிசையை ஒட்டுவார்கள். அதனால் பலருடைய மாதிரிகளை ஒன்றாகப் போட்டாலும் கலந்துபோகாது. பிறகு லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே சமயத்தில், ஆனால் தனித்தனியாக இயந்திரம் படிக்கும். "கடல்" என்று ஒரு துண்டு தனியாக வரும், "படம்" என்று இன்னொன்று தனியாக வரும். குழப்பம் தீர்ந்தது. ஒன்றின் மேல் ஒன்று படியும் துண்டுகளைக் கணினி சேர்த்து, பெயர் வைத்த வகைகளின் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும்.

இன்னும் ஒன்று உண்டு. நானோ துளை முறை. மிக மிகச் சிறிய துளை வழியாக டி.என்.ஏ. இழை நுழையும்போது மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தை வைத்து எழுத்தைக் கண்டுபிடிப்பார்கள். துண்டாக்காமல் நீளமாகப் படிக்கலாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

எங்க ரிப்போர்ட்டில் ஏ*11:01 என்று ஒன்று இருந்தது. ஏ என்பது மரபணுவின் பெயர். நட்சத்திரம் இருந்தால் டி.என்.ஏ. பார்த்துச் சொன்னது என்று பொருள். 11 என்பது குடும்பப் பெயர் மாதிரி. 01 என்பது அந்தக் குடும்பத்தில் எந்தப் புரதம் என்று சொல்வது. நடுவில் இரண்டு புள்ளி ஏன் தெரியுமா? முன்பு புள்ளி இல்லாமல் நான்கு இலக்கமாக எழுதினார்கள். சில குடும்பங்களில் 99-ஐத் தாண்டிவிட்டதால் இடம் போதவில்லை. 2010-ல் இரண்டு புள்ளி வந்தது.

ஏ, பி, சி, டி.ஆர்.பி.1, டி.க்யூ.பி.1 என்ற ஐந்து மரபணு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. ஆக மொத்தம் பத்து. பத்துக்குப் பத்து என்றால் முழுப் பொருத்தம்.

உங்களுக்குத் தெரியுமா?

* மஜ்ஜை மாற்றுக்கு ஏ, பி, ஓ ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மாற்றிய பிறகு நோயாளியின் ரத்த வகை, கொடுத்தவரின் வகையாகவே மாறிவிடும்!
* பி*57:01 என்ற வகை உள்ளவர்களுக்கு அபாகாவிர் என்ற மருந்து கடுமையான ஒவ்வாமை தரலாம். அதனால் மருந்து கொடுக்கும் முன்பே இந்த வகை இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

சொந்தத்தில் பொருத்தம் இல்லையென்றால் வெளியே தேடலாம். முன்பின் தெரியாதவரிடமும் பத்துக்குப் பத்து இருக்கலாம். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில், 18 வயது முடிந்தவர்கள் பெயர் கொடுக்கிறார்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். உலகம் முழுக்க 4 கோடிப் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். ஆனால் நம் வகைகள் நம் நாட்டு மக்களிடம்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். பொருந்தினால் பெரும்பாலும் ரத்தத்திலிருந்தே மூல அணுக்களைப் பிரித்து எடுக்கிறார்கள். கொடுத்தவருக்கு அவை திரும்ப ஊறிவிடும்.

தம்பிக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்கலைன்னா பாதிப் பொருத்தத்தில் செய்யும் முறையும் இருக்கிறது, அதை யோசிப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் 18 வயது முடிந்த அண்ணன், அக்கா இருந்தால் இந்தப் பக்கத்தில் படித்ததைச் சொல்லுங்கள். அது என் தம்பிக்கு இல்லாவிட்டாலும் வேறு யாரோ ஒரு தம்பிக்கு உதவும்.

இன்னொன்று. யாரையும் விளையாட்டுக்குக்கூட "தவிட்டுக்கு வாங்கின பிள்ளை" என்று சொல்லாதீர்கள். நான் இந்தக் கவர் கணக்கை வீட்டுச் சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். தங்கச்சி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மஞ்சள் அம்மாவோடது, பச்சை அப்பாவோடது" என்று விரல் வைத்துச் சொன்னாள். அன்றைக்குச் சாப்பிட்டாள். இந்தத் தாளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நான்கு வண்ணக் கவர்களையும் வெட்டி ஒட்டியது அவள்தான்.

மூளைக்கு வேலை (விடை அடுத்த இதழில்)

1. எனக்கும் என் தங்கச்சிக்கும் எவ்வளவு பொருத்தம்?
2. அம்மாவுக்கும் அவர் பெற்ற பிள்ளைக்கும் குறைந்தது எவ்வளவு பொருத்தம் இருக்கும்? ஏன்?
3. நோயாளிக்குக் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் என்றால், ஒருவரும் முழுசாகப் பொருந்தாமல் போக நிகழ்தகவு என்ன?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி